இரும்புக் குளிசையும் ஓர் இறப்பர் முத்திரையும்

மலத்தைப் பற்றிக் கேட்பதற்கென்றே என்னைத் தொலைபேசியில் அழைக்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் நான் ஓய்வுபெற்ற ஆய்வுகூடத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள். போன கிழமை அழைத்தவள் தர்ஷினி.

"மிஸ், கல்சியம் குளிசை போட்டால் பெருங்குடல் புற்றுநோய் வராதாமே எண்டு ஆக்கள் வந்து கேக்கினம். ஒருத்தர் செலினியம் எண்டு ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறார். இதெல்லாம் போடுறன், பிறகேன் எனக்கு மலப் பரிசோதனை எண்டு சண்டை பிடிக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"டொக்டரிட்டைப் போகச் சொல்லு. நீ டொக்டரே?"

"இல்லைத்தான். ஆனால் நீங்கள் அந்த இரும்புக் குளிசைக் கதையை ஒருக்காச் சொன்னீங்கள். அதை எங்கட ஆய்வுகூட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோவன்."

எனக்கு எழுத்து வராது. முப்பத்துநாலு வருடம் நான் எழுதியதெல்லாம் இலக்கங்களும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு சொற்களும்தான். இருந்தாலும் அவள் விடுகிறவள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கல்சியத்தைப் பற்றி முதலே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் உதவலாம் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, அப்படி ஒன்றும் இல்லை என்பவையும் உண்டு. செலினியத்தைப் பற்றி ஒரு காலம் பெரிதாகக் கதைத்தார்கள், பிறகு சத்தம் குறைந்துவிட்டது. குரக்கன், நெத்தலி, கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எந்தக் குளிசையும் பரிசோதனைக்குப் பதிலாகாது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு மனிதருக்கு நான் செய்த பிழையால் படித்தேன்.

நான் படித்து வந்த கதையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. கொழும்பில் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. இரண்டு வருடம் பயிற்சி, நுணுக்குக்காட்டியில் கண் வலி, பிறகு அரசாங்க வேலைக்கு எழுதிப்போட்டு வராத பதில். கடைசியில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை, ஆய்வுகூடம் இடம் மாறிவிட்டது, இப்போது அந்தப் பழைய கட்டடத்தில் வேறு வியாபாரம் நடக்கிறது. தினமும் இரண்டு பஸ். யுத்தகாலம் என்பதால் இடையில் எத்தனை தடவை இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும் என்பது அன்றைய நிலைமையைப் பொறுத்தது. எட்டு மணி வேலைக்கு ஆறு மணிக்கே வெளிக்கிடுவேன்.

எங்கள் மேலதிகாரி பெரேரா சேர். நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஐம்பது வயதைக் கடந்தவர், ஒல்லி. ஆங்கிலமும் தமிழும் கலந்து கதைப்பார், என்னை யோகம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவர் ஏசி நான் கேட்டதே இல்லை. பிழை பிடித்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "வாசி" என்பார். நாங்கள் எழுதிய பதிவை முதல் வரியிலிருந்து நாங்களே சத்தமாக வாசிக்க வேண்டும். பெயர், வயது, திகதி, எல்லாம். பிழை இருக்கும் இடம் வந்ததும் எங்கள் குரல் தானாக இறங்கிவிடும். அப்போது "ஆ" என்று மட்டும் சொல்வார். இதற்குப் பதில் கன்னத்தில் ஒன்று போட்டிருக்கலாம் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை அவர்தான் எனக்குப் பழக்கினார். வடிகட்டும் தாளில் ஈர்க்கு நுனியால் மெல்லியதாகப் பூச வேண்டும். அதன் மேல் குவாயக் என்னும் மரப்பிசின் கரைசலில் இரண்டு துளி, பிறகு பெரொக்சைட் இரண்டு துளி. இரத்தம் இருந்தால் தாள் நீலமாகும். எத்தனை செக்கனில், எவ்வளவு நீலம் என்று எழுத வேண்டும். பெரொக்சைட் பழசாகிவிட்டால் இரத்தம் இருந்தாலும் நீலம் வராது. அந்த நாட்களில் புதுப் போத்தல் நேரத்துக்குக் கிடைக்கவும் மாட்டாது. அதனால் திங்கட்கிழமை காலையில் பெரேரா சேர் தன் விரலைக் குத்தி, ஒரு துளி இரத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, அந்தப் போத்தல் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பார். "முதலாளி தன் விரலைத் தராத வரைக்கும் நான்தான் என் விரலைத் தர வேண்டும்" என்பார்.

இந்தப் பரிசோதனையில் ஒரு தொல்லை உண்டு. இறைச்சி சாப்பிட்டிருந்தாலும் தாள் நீலமாகலாம். இரும்புக் குளிசை போட்டால் மலம் கறுப்பாகும், பரிசோதனையையும் அது குழப்பும் என்று அன்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். ஆகவே மூன்று நாள் இறைச்சி மீன் இல்லாமல், ஒரு கிழமை ஏழு நாளும் இரும்பை நிறுத்தி, மூன்று நாள் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அரைவாசிப் பேர் அப்படி வருவதில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரே வசனத்தை எழுதிக் கை ஓய்ந்துபோய், பெரேரா சேரே ஓர் இறப்பர் முத்திரை செய்வித்தார். ஆங்கிலத்தில் இரண்டு வரி: உணவு அல்லது இரும்பு மருந்தின் தாக்கம் இருக்கலாம், தேவையானால் மீண்டும் பரிசோதிக்கவும். நல்ல வசதி. நீலம் வந்ததா, ஆள் இரும்பு போடுகிறாரா, ஒரு குத்து. வேலை முடிந்தது.

ஒரு மார்ச் மாதத்தில் பிலோமினா அக்கா வந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புக்குள் ஒரு லைன் வீடு. கணவர் சவரிமுத்து துறைமுகத்தில் எழுதுவினைஞர், வயது நாற்பத்தெட்டு. சில மாதமாக ஆள் வெளிறிப்போய், கோவில் படியேறினாலே மூச்சு வாங்குகிறது. பக்கத்து டொக்டர் எங்களிடம் இரத்தம் பார்ப்பித்து, குறைவு என்று இரும்புக் குளிசை கொடுத்து, மலத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தார்.

தாள் நீலமானது. கடும் நீலம், இருபது செக்கனில். அன்று காலை பஸ்ஸிலிருந்து மூன்று இடத்தில் இறக்கிவிட்டார்கள், பிந்தி வந்திருந்தேன், மேசை முழுக்கப் போத்தல். சவரிமுத்துவுக்கு டொக்டர் எழுதிய துண்டில் 'இரும்பு' என்று இருந்தது. முத்திரையைக் குத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னாச்சு மிஸ்? கறுப்பா போகுது தானே, அதான் பயமா இருக்கு."

"அது குளிசையின்ட நிறம் அக்கா. கறுப்பாய்ப் போனால் குளிசை உடம்பில சேருது எண்டு அர்த்தம். பயப்பட ஒண்டும் இல்லை."

"திரும்ப வரணுமா?"

அவரைப் பார்த்தேன். கையில் கடைசிக் குழந்தை, வெளியே வெயில், சந்திக்குச் சந்தி சோதனை. பாவம், ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று நினைத்தேன். "டொக்டர் சொன்னால் வாங்கோ" என்றேன். இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். அந்த இரக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அந்த டொக்டர் எதையும் சொல்லவில்லை. அந்த மாதமே குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போய்விட்டார். அப்போது அப்படித்தான், இன்றைக்குத் திறந்திருக்கும் டிஸ்பென்சரி நாளைக்குப் பூட்டியிருக்கும். அவருக்குப் பிறகு பார்த்தவர் பழைய துண்டைப் பார்த்து அதே குளிசையைத் தொடர்ந்து எழுதினார். எங்கள் றிப்போட் எந்த டொக்டரின் கண்ணிலும் படவில்லை.

ஜூலையில் சவரிமுத்துவின் இரத்தம் மறுபடி பரிசோதனைக்கு வந்தது. ஹீமோகுளோபின் முந்தியதை விடக் குறைவு. கண்ணாடித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெரேரா சேர் நிமிர்ந்தார்.

"இந்த ஆள் நாலு மாதம் இரும்பு சாப்பிட்டிருக்கிறார். உள்ளே போன இரும்பு எங்கே?"

பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார்.

"வாசி."

பெயர் வாசித்தேன். வயது வாசித்தேன். இருபது செக்கன், கடும் நீலம் என்று வாசித்தேன். முத்திரையில் இருந்ததை வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அவர் "ஆ" சொல்லவில்லை.

"என்ன திகதி?"

சொன்னேன்.

"ஆளின் பெயர் சவரிமுத்து. கொட்டாஞ்சேனை. மார்ச் மாதம். அது தவக்காலம், யோகம். அந்த வீட்டில் இறைச்சி சமைத்திருப்பார்களா? கேட்டாயா?"

"இல்லை சேர்."

"குளிசை தொடங்கி எத்தனை நாள் என்று?"

"கேக்கேல்லை சேர்."

இரத்தத்தோடு வந்திருந்த டொக்டரின் பழைய துண்டைத் திருப்பிப் பார்த்தார். டொக்டர் இரும்பு எழுதிய திகதியும் எங்களிடம் மாதிரி வந்த திகதியும் இரண்டு நாள் வித்தியாசம். ஆனால் ஆள் வெளிறத் தொடங்கியது அதற்குப் பல மாதம் முந்தி. இரண்டு நாள் குளிசை மேல் எல்லாப் பழியையும் போட்டு, நாலு மாதமாக ஒருவருடைய இரத்தம் உள்ளே ஒழுக விட்டிருக்கிறேன். அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"முத்திரை நான் செய்வித்தது. குத்தியது நீ. இரண்டு பேரும் போவோம்" என்றார். கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மூன்று வெற்றுப் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு நடந்தோம்.

சந்தியில் ஆமிக்காரன் மறித்தான். என் பையைத் திறந்து மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தல்களைப் பார்த்து, "மொனவத மே?", இதெல்லாம் என்ன என்று கேட்டான். நான் தடுமாறினேன். பெரேரா சேர் அது எதற்கு என்று சிங்களத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்தப் பொடியன் போத்தலைச் சட்டென்று பையில் போட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். புதுப் போத்தல்தான் என்று சேர் சொல்லியும் அவன் நம்பவில்லை. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

சவரிமுத்து வீட்டில்தான் இருந்தார், வேலைக்குப் போக முடியவில்லை. கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தவரை சேர் தோளைப் பிடித்து இருத்தினார். உதடும் முகமும் ஒரே நிறம். பிலோமினா அக்காவுக்கு எங்களைக் கண்டதும் சந்தோசம், தேத்தண்ணி ஊற்றப் போனார்.

"மிஸ் சொன்ன மாதிரியே ஒரு நாள் விடாம குடுக்கிறேன். தேசிக்காய்த் தண்ணியோட குடுத்தா நல்லா சேரும்னாங்க, அப்படியும் குடுக்கிறேன். இன்னும் கறுப்பாத்தான் போகுது. நல்லா சேருது தானே மிஸ்?"

நான் வாயைத் திறக்க முன், அக்கா அலுமாரியிலிருந்து பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் பொலிஸ் பதிவுப் பத்திரம், அடையாள அட்டைகளின் பிரதிகள், ஞானஸ்நானச் சான்றிதழ்கள். அவற்றோடு மடிப்புக் கலையாமல் எங்கள் றிப்போட்.

"இது பத்திரமா இருக்கு. புது டொக்டர்கிட்ட காட்டவே இல்ல. அதான் சீல் அடிச்சுக் குடுத்துட்டீங்க தானே, இனி என்ன பிரச்சினை?"

அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர்கள் இருந்தது சீல் அடித்த கடதாசியில்தான். பொலிஸ் பதிவில் சீல் இருந்தால் அன்றைக்கு வீட்டில் படுக்கலாம், இல்லாவிட்டால் "ஏறு வாகனத்தில்" என்பார்கள். சீல் என்றால் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் இரண்டு ஆங்கில வரியை அக்கா வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை, நான் வாயால் சொல்லியிருந்தேனே. எனக்கும் வீட்டில் அதே மாதிரி ஒரு தகரம் இருந்தது. ஒரு தமிழச்சியாக இருந்துகொண்டு அந்தச் சீல் அடித்த கடதாசியை ஒரு தமிழச்சியின் கையில் கொடுக்கும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பெரேரா சேர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "அம்மா, அது நல்ல சீல் இல்ல. திரும்பப் பாக்கணும் சொல்ற சீல். எங்க பிழை. மிஸ்ஸுக்கு மட்டும் இல்ல, எனக்கும் பிழை."

நான் மிச்சத்தைச் சொன்னேன். அன்று தாள் நீலமானது, அது குளிசையால் இல்லாமல் இருக்கலாம், உள்ளே எங்கோ இரத்தம் போகலாம், குளிசையை ஒரு கிழமை நிறுத்திவிட்டு மூன்று நாள் மாதிரி தர வேண்டும். சொல்லச் சொல்ல அக்காவின் கை தகரத்தின் மூடியைத் தேடியது.

"அப்ப நான் நாலு மாசமா என்ன குடுத்தேன் மிஸ்?"

"குளிசை பிழை இல்லை அக்கா. அவருக்கு இரும்பு தேவைதான். நான் சொன்னதுதான் பிழை."

சவரிமுத்து அண்ணன்தான் சிரித்தார். "விடு பிலோ. இவங்களாச்சும் வூடு தேடி வந்து பிழைன்னு சொல்றாங்க. யாரு சொல்றா இந்த ஊர்ல?" அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

மூன்று மாதிரியும் நீலம். பெரேரா சேர் தனக்குத் தெரிந்த சத்திரசிகிச்சை நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அந்த இடத்தில் வந்தால் வலியோ கண்ணுக்குத் தெரியும் இரத்தமோ இல்லாமல் ஆளை வெளிறவைத்துக்கொண்டே இருக்குமாம். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஈரலுக்கும் கொஞ்சம் போயிருந்தது. மார்ச்சில் வந்திருந்தால் என்று நான் அந்த நிபுணரிடம் நேரே கேட்டேன். "தெரியாது. யாராலும் சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை வைத்து என்னைச் சமாதானப்படுத்தப் பலர் பார்த்தார்கள். எனக்கு அது சமாதானம் தரவில்லை.

சவரிமுத்து அண்ணன் அடுத்த தவக்காலத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்க்கவில்லை.

சாவீட்டில் பிலோமினா அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "சாப்பிட்டு போங்க மிஸ்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தே இல்லை. காய்ச்சல் என்றாலும் வேறு இடத்துக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலையை விட்டுவிட நினைத்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டுபோய்ப் பெரேரா சேரிடம் நீட்டினேன். அவர் அதையும் வாசிக்கத்தான் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டு என் மேசைக்குத் திரும்பிவந்தேன். முத்திரையைக் குப்பையில் போட்டோம். அதன் பிறகு யார் மாதிரி கொண்டுவந்தாலும் என்ன சாப்பிட்டீர்கள், எந்தக் குளிசை, எத்தனை நாளாக என்று மூன்றையும் கேட்டுக் கையால் எழுதினோம். நீலம் வந்தால் அனுப்பிய டொக்டருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். டொக்டர் வெளிநாடு போயிருந்தால் வேறு டொக்டருக்கு எடுத்தேன். சிலர் எரிந்து விழுந்தார்கள். விழட்டும்.

பல வருடம் கழிந்து, பெரேரா சேர் ஓய்வுபெற்று, அவருடைய கதிரையில் நான் இருந்தேன். யுத்தம் முடியவில்லை, சோதனைச் சாவடிகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். அப்போது ஒரு நாள் காலையில் பிலோமினா அக்கா வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. கூட மூத்த மகன் ஜூட், முப்பதைத் தாண்டிய ஆள், தகப்பனின் அதே நெற்றி. அவனைப் பற்றி வாசிக்கிறவர்கள் பதற வேண்டாம், இப்போது அவன் நன்றாக இருக்கிறான். அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது.

அக்கா மேசையில் மூன்று போத்தலை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் திகதி எழுதி ஒட்டியிருந்தது.

"இவனுக்கு சும்மா களைப்பு மிஸ். டுபாய்ல இருக்கிற இவன் தங்கச்சி கல்சியம் அனுப்புது. அது போட்டா அப்பாவுக்கு வந்த வருத்தம் பிள்ளைகளுக்கு வராதாம். நானும் குடுக்கிறேன் தான். ஆனா பாத்துட்டுத்தான் நம்புவேன்."

நான் பேனையை எடுத்தேன். கேட்க வாய் திறக்க முன் அவரே சொல்லத் தொடங்கினார்.

"இறைச்சி, மீன் மூணு நாளா இல்ல. இரும்புக் குளிசை அவன் வாழ்க்கையிலயே போடல. மூணு போத்தல், மூணு நாள். எல்லாம் சரியா மிஸ்?"

"சரி அக்கா."

"றிப்போட் வேணாம். சீல் ஒண்ணும் வேணாம். நான் இங்கயே இருக்கிறேன். நீங்க பாத்துட்டு வந்து வாயால சொல்லுங்க."

உள்ளே போனேன். என் விரலைக் குத்தி ஒரு துளி இரத்தத்தில் பெரொக்சைட்டைப் பார்த்தேன், வேலை செய்தது. மூன்று தாளிலும் பூசினேன். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஓரத்தில் மெல்லிய நீலம். மூன்றாவதிலும் மெல்லிய நீலம், நாற்பது செக்கனில். மறுபடி பூசிப் பார்த்தேன், அதே மாதிரி. இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மெல்லிசுதானே மிஸ்" என்றாள். மெல்லிசுதான். மூலவியாதியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கையைக் கழுவினேன். துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், ஏனென்றால் வெளியே போகப் பயமாக இருந்தது.

அக்கா வாங்கிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இரத்தம் இருக்கு. கொஞ்சம்தான். என்னத்தால எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் இருக்கு. இண்டைக்கே டொக்டரிட்டைப் போங்கோ, குழாய் விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. நான் இப்ப அவருக்கு போன் எடுக்கிறன்."

ஜூட் தாயைப் பார்த்தான். "கொஞ்சம்தானாம் அம்மா. கிறிஸ்மஸ் முடிஞ்சு போவோமே."

குடலில் ஒரு சின்னச் சதைமொட்டு இருந்ததும், அது கெட்ட கட்டியாக மாற முன்னமே எடுத்துவிட்டதும் பிறகு நடந்தவை. அந்த நேரத்தில் அக்காவுக்கு அது ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் நான் சொன்னது மட்டும்தான். எழுந்து மகனின் கையைப் பிடித்தார்.

"எழும்பு மகன், போவோம். மிஸ் சொல்லிட்டாங்க."